எட்டுக் கிரகமும் என் மூன்றாம் ஓலையும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்பாள் அம்மா. 1962 பிப்ரவரியை நினைத்தால் இன்றைக்கும் மூக்கு சிவக்கிறது. எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று புனா நகரமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வாரம் முடிந்து வந்த திங்கட்கிழமை, ஐந்தாம் தேதி, எனக்குக் கல்யாணம்.

தேதி வைத்தது அப்பா. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது சபை நாள்காட்டி. அதில் லெந்து என்கிற நாற்பது நாள் நோன்புக் காலம் என்றைக்கு ஆரம்பம், ஈஸ்டர் என்றைக்கு என்றெல்லாம் இருக்கும். ராகுகாலம், எமகண்டம் ஒன்றும் இருக்காது. லெந்து பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்குள் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அப்பா நாள்காட்டியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஐந்தாம் தேதியில் நிறுத்தினார். புனாவின் கன்டோன்மென்ட் பகுதியான கேம்ப்பில் ஹால் கேட்டார், காலி. பேண்டு கேட்டார், காலி. பிரியாணி போடும் பாய், "அன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல, வர்றேன்" என்றார். "கர்த்தர் வழியைத் திறந்துட்டார் பாத்தியா!" என்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. பேண்டுக்காரர் மட்டும், "பாச் ஃபெப்ருவாரி, சாகேப்? நக்கி?" என்று இரண்டு தரம் கேட்டாராம். பிப்ரவரி ஐந்து நிச்சயம்தானா என்று மராத்தியில். நிச்சயம்தான் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

ஊரில் எல்லாமே ஒரே நாளில் காலியாக இருந்தால், ஏன் என்று ஒரு மனுஷன் கேட்க வேண்டாமா? பஞ்சாங்கமே பார்க்காத வீட்டுக்குத்தான் இப்படி ஒரு கோளாறு வரும். ஜனவரி பிறந்து, பத்திரிகையில் அஷ்டகிரகம் அஷ்டகிரகம் என்று கொட்டை எழுத்தில் போட ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் கல்யாணக் கார்டு அச்சாகிவிட்டது.

நான் கேம்ப்பில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். பூமி தன்னைத்தானே சுற்றுவது, சூரியனைச் சுற்றுவது, இரவு பகல், மழை வெயில், இதுதான் என் பிழைப்பு. அந்த ஜனவரியில் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலி. வந்த பிள்ளைகளும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குண்டாக இருந்த ஒருத்தியை நடுவில் நிறுத்தி, "நீதான் சூரியன், அசையாதே" என்றேன். ஒருத்தியைப் புதன் என்று சொல்லிப் பக்கத்தில் குடுகுடுவென்று ஓடவிட்டேன். அடுத்தவள் வெள்ளி. அதற்கு அடுத்தவள் பூமி. செவ்வாயை இன்னும் தள்ளி நடக்கவிட்டேன். வியாழன் ஒரு சுற்று முடிக்கப் பன்னிரண்டு வருஷம், சனிக்கு முப்பது வருஷம் என்று சொல்லி, அவர்கள் இருவரையும் மதிலோரம் ஆமை நடை நடக்க வைத்தேன். சுற்றச் சுற்ற, திடீரென்று ஒரு நேரத்தில் எல்லாரும் சூரியன் நின்ற பக்கமாகவே பூமிக்காரிக்குத் தெரிந்தார்கள்.

"நில்லுங்கள்! யாராவது யார் மேலாவது இடித்துக்கொண்டீர்களா?"

"இல்லை மிஸ்."

"உங்களுக்குள் தூரம் குறைந்ததா?"

"இல்லை மிஸ். வியாழன் மதிலோரத்தில்தான் நிற்கிறாள்."

"அவ்வளவுதான் அஷ்டகிரகம். நாம் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஒரே திசையில் தெரிகிறார்கள். அவரவர் அவரவர் பாதையில் போய்க்கொண்டே இருக்கிறார்கள்."

இன்னொன்றும் சொன்னேன். அந்த எட்டில் ஒன்று சூரியன், ஒன்று நிலா. அவர்கள் இருவரும் மாதாமாதம் அமாவாசைக்குக் கூடுகிறவர்கள்தான். ஐந்து பேர் கிரகங்கள். எட்டாவது ஆள் கேது. கேது ஆளே இல்லை! நிலா போகிற பாதையும் சூரியன் போவதாக நமக்குத் தெரிகிற பாதையும் வெட்டிக்கொள்கிற வெறும் இடம். ரெண்டு ரோடு கூடுகிற தெருமுக்கை, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி என்று எண்ணி இலை போடுவீர்களா என்று கேட்டேன். பிள்ளைகள் அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்கள். அப்போது பூமியாக நின்ற மராத்திப் பெண் கேட்டாள்: "அப்படியானால் உங்கள் கல்யாணம் ஐந்தாம் தேதிதானே, மிஸ்? மாற்ற மாட்டீர்களே?"

"மாற்றினால் நான் பூகோள டீச்சர் இல்லை" என்றேன்.

வாயை விட்டாயிற்று. இனி அந்தத் தேதி மாறினால், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உருண்டையைச் சுற்றிக்காட்டுவது?

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே தெரிவிக்கவும் என்று குருவானவர் ஆராதனை நடுவில் வாசிப்பார். திருநெல்வேலிக்காரர்களாகிய எங்களுக்குக் குருவானவர் என்றால் ஐயர். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் எங்கள் வழக்கம். வாசித்து முடித்ததும் ஐயர் ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார். அந்த நேரம் யாரும் இருமக்கூட மாட்டார்கள். முதல் ஓலை போயிற்று. இரண்டாம் ஓலை போயிற்று. மூன்றாம் ஓலையில், அந்த மூச்சு நேரத்தில், பெண்கள் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

"தடை இருக்கு, ஐயரே."

எழுந்தது மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு மாமியாராக வரவேண்டியவர். நான் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஐயருக்குக் கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது. "என்னம்மா தடை?"

"எட்டுக் கிரகம் கூடுது. அன்னைக்குக் கல்யாணம் வேண்டாம். ஈஸ்டர் கழிச்சுப் பாக்கலாம்."

சபையில் குபீரென்று சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த வாரம் லீவு போட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஐயர், "அது சபைச் சட்டப்படி தடை ஆகாதும்மா. ஆனா ரெண்டு வீடும் பேசிக்கிட்டா தேதியை மாத்திக்கலாம்" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். பாட்டு முழுக்க என் மூக்கு எரிந்தது.

ஆராதனை முடிந்து வெளியே மரத்தடியில் நேராக அத்தையிடம் போனேன். "ஞானஸ்நானம் வாங்கின நமக்கு எதுக்கு அத்தை சனியும் கேதுவும்?" என்றேன்.

"எனக்குச் சனியும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஊரே சொல்லுது. போன தடவையும் ஊர்தான் சொல்லுச்சு. படிச்சவன்தான் சிரிச்சான்."

அவர் சொன்ன போன தடவை எது என்று எல்லாருக்கும் தெரியும். முந்தின ஜூலையில் பான்ஷேத் அணை உடைந்து, அந்தத் தண்ணீர் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்ததே, அதுதான். அத்தை விதவை, மகனோடு முத்தா ஆற்றோரம் வாடகை அறையில் இருந்தார். காலையில் யாரோ சைக்கிளில் தண்ணீர் வருது, ஓடுங்கள் என்று கத்திக்கொண்டு போயிருக்கிறான். மகன் அரசாங்க ஆபீசில் வரைபடம் போடுகிறவர். "புரளிம்மா. அணை அப்படியெல்லாம் உடையாது" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் தண்ணீர் கூரை ஓட்டைத் தொட்டது. அத்தையை அக்கம்பக்கத்தார் ஒரு மாடி வீட்டுக்குத் தூக்கிவிட்டு உயிர் தப்ப வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த மனுஷன் அம்மாவுக்கு எதிராக வாயைத் திறப்பதில்லை. அன்றைக்கும் மரத்தடியில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கிரகத்தின் மேல் வராத கோபமெல்லாம் அவர் மேல் வந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"அம்மாவுக்குப் பயமா இருக்கு" என்றார்.

"உங்களைக் கேட்டேன்."

அவர் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்துவிட்டார். சரிதான் போ என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா ஆடிப்போயிருந்தார். "ரெண்டு மாசந்தானேம்மா, தள்ளி வச்சுருவோம்" என்றார். "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமாட்டி? அந்தப் பொம்பளை பட்ட பாடு அப்படி" என்றாள் அம்மா. எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு தரம் பயத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தால், அது ஆயுசுக்கும் வீட்டை விட்டு எழுந்திருக்காது. இன்றைக்குக் கல்யாணத்தைத் தள்ளு என்னும். நாளைக்குப் பிள்ளை பிறக்கும்போது கிரகணம் பார் என்னும். முடியாது என்றேன். அப்பா என்னை முறைத்தார், நானும் முறைத்தேன். என் மூக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "அம்மா வந்தாலும் வராட்டியும் திங்கட்கிழமை நான் சர்ச்சில இருப்பேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. போகட்டும், சனியைவிட வேகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. பெற்ற தாய் இல்லாமல் ஒரே மகன் தாலி கட்டுவதா? அதுவும் நன்றாக இல்லையே. சனிக்கிழமை மத்தியானம் ஒரு சாத்துக்குடி, நாலு எலுமிச்சை, ஒரு மெழுகுவர்த்தி எல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன்.

வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு அரசாங்கம் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தது. வழியெல்லாம் ஹோமப் புகை. ஆற்றோரத்து ஜனம் பாயும் தலையணையுமாகப் பர்வதி குன்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஒரு ஸ்டவ், ஒரு பாய், மூலையில் பழைய போர்வையில் கட்டிய ஒரு பெரிய மூட்டை. அத்தை என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கொட்டகைக்குப் போய் இரண்டு டம்ளர் இரவல் வாங்கி வந்து டீ ஊற்றினார்.

"டம்ளர் இல்லையா அத்தை? நான் கொண்டாந்திருப்பேனே."

"இருக்கு. அந்த மூட்டைக்குள்ள இருக்கு." அந்த மூட்டை ஜூலையில் கட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு சேற்றைக் கையால் தோண்டி, கிடைத்ததையெல்லாம் அப்படியே போர்வையில் போட்டு முடிந்தாராம். "அவுத்துப் போட்டுட்டு உக்காந்தா, மறுபடி தண்ணி வந்தா எதைப் பொறுக்கிட்டு ஓட?"

ஏழு மாதமாக அந்த மனுஷி தன் டம்ளரில் தண்ணீர் குடிக்கவில்லை. நான் மெழுகுவர்த்தியைக் கொளுத்தினேன். எலுமிச்சைகளை அங்கங்கே வைத்து, சாத்துக்குடியைக் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டி, பள்ளியில் சொன்னதையெல்லாம் சொன்னேன். அத்தை குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"நீ சொல்லுதது எல்லாம் சரியாத்தாம் இருக்கும்" என்றார். "அணை உடையாதுன்னு எம் மவன் சொன்னதும் கேக்கச் சரியாத்தாம் இருந்துது."

இதற்கு எந்தப் பூகோளப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? முதலில் மூக்கு சிவந்தது. அப்புறம் வாய் தானாகத் திறந்தது.

"அத்தை, அணை மனுஷன் கட்டினது. மனுஷன் கட்டினது உடையும். வியாழனையும் சனியையும் எவனும் மண்ணு குழைச்சுக் கட்டல. உங்க வீட்டைக் கொண்டுபோனது தண்ணி. ஏன் உடைஞ்சுதுன்னு கீழ இருக்கவங்களைக் கேளுங்க, நானும் கூட வந்து கேக்கேன். மேல இருக்கவன் தலையில பழியைப் போட்டா கீழ இருக்கவன் எல்லாம் தப்பிச்சுப் போயிருவான்!"

சத்தம் அதிகமாகிவிட்டது. பக்கத்துக் கொட்டகையில் எட்டிப் பார்த்தார்கள். அத்தை என்னையே பார்த்தார். "ஏட்டி, நீ பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தாம் கத்துவியா?" என்றார். "டீ ஆறுது, குடி."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கு அவர் வரவில்லை. ஆற்றோரத்து ஜனத்தோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு குன்றுக்குப் போய்விட்டார் என்று அவர் மகன் வந்து சொன்னார்.

திங்கட்கிழமை விடிந்தது. எட்டுக் கிரகம் கூடியதற்காகப் பூமி ஒரு இமைப்பொழுதுகூடச் சுணங்கவில்லை. கிழக்கே அதே பக்கத்தில் சூரியன் வந்தது. வெள்ளைச் சேலை உடுத்தி, முக்காடு போட்டு, கையில் பூச்செண்டோடு சர்ச்சுக்குள் நுழைந்தேன். பெஞ்சில் ஆட்களைவிட இடம் அதிகம். மூன்றாம் ஓலைக்குச் சிரித்தவர்கள் ஒருவரையும் காணோம். பேண்டில் ஒரு டிரம்மும் ஒரு கிளாரினெட்டும்தான் வந்திருந்தன. மற்றவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பப் பயந்துவிட்டார்களாம். கிளாரினெட்காரர் மூன்று ஆள் மூச்சையும் சேர்த்து ஊதினார். என் பள்ளிப் பிள்ளைகள் மட்டும், மைதானத்தில் கிரகமாகச் சுற்றியவர்கள், ஒருத்தி பாக்கியில்லாமல் முன்வரிசையில் இருந்தார்கள். பூமியும் சனியும் நெருக்கியடித்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்து முதல் இடம் அத்தைக்காகக் காலியாகக் கிடந்தது.

ஐயர் புத்தகத்தைத் திறந்தார். முதல் ஜெபம் முடிந்து ஆமென் சொல்லும்போது வாசலில் ஒரு நிழல். அத்தை. தலையில் அந்த மூட்டை. கால் முழுக்கக் குன்றுப் புழுதி. நடுப்பாதையில் நேராக நடந்து வந்து, முதல் பெஞ்சில் மூட்டையைத் தொப்பென்று வைத்தார். உள்ளே பாத்திரங்கள் கலகலவென்றன.

"மேல போய் உக்காந்து பாத்தேன்" என்று ஐயருக்குச் சொல்கிற மாதிரி சபைக்கே சொன்னார். "ஊரே மேல இருக்கு. எம் மவன் மட்டும் கீழ நிக்கான். நல்லாவா இருக்கு? தலைக்கு மேல போன வெள்ளம், சாண் போனா என்ன, முழம் போனா என்ன. நடத்துங்க ஐயரே."

மாப்பிள்ளை தாலி கட்டினார். கிளாரினெட் கிழிந்துவிடும் போல ஊதியது.

பிரியாணி மலையாக மீந்தது. பாய் அதைக் கொட்டகை ஜனத்துக்கே வண்டியில் அனுப்பிவிட்டார். இருட்டுகிற நேரத்தில் அத்தை என் கையைப் பிடித்துக் கொட்டகை வாசலுக்கு அழைத்து வந்தார். இன்னொரு கையில் மூட்டை. உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எங்கட்டி அந்த எட்டுப் பேரு? காட்டு."

"காட்ட முடியாது அத்தை. எல்லாரும் சூரியன் பக்கத்துலயே இருக்காங்க. சூரியனோட உதிச்சு, சூரியனோட போயிட்டாங்க. பகல்ல வெளிச்சம் மறைச்சுரும், ராத்திரி மேலேயே இருக்க மாட்டாங்க. இன்னைக்கு நிலாவும் இல்ல. இந்த வானத்துல ஒரு கிரகங்கூடக் கிடையாது."

"அப்ப இதெல்லாம்?"

"நட்சத்திரம். அது கார்த்திகை. அது ரோகிணி. அந்தச் சிவப்பு, திருவாதிரை. அதுகளுக்கு நம்மளத் தெரியவே தெரியாது."

அவ்வளவு சுத்தமான வானத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊர் விளக்குகள் பாதி அணைந்திருந்தன; நிலா இல்லை; கிரகம் ஒன்றுகூட இல்லை. பூமி தன்பாட்டுக்குக் கிழக்கே உருண்டுகொண்டிருக்க, நட்சத்திரங்கள் தகரக் கூரைக்கு மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன.

"ஒருத்தங்கூட மொகங்காட்டலையா?" என்றார் அத்தை. "இவனுங்களுக்குப் பயந்தா நான் மலை ஏறுனேன்?" அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். மேற்கே பார்த்து, அந்தக் கொட்டகை வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்: "வாங்கலே! ஆம்பளையா இருந்தா எட்டுப் பேரும் வாங்கலே, பாப்போம்! எம் மருமவ கீழ நிக்கா!"

நாய் ஒன்று குரைத்தது. வேறு ஒருவரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் முதல்முறையாக அம்மாவுக்கு எதிரில் வாய் விட்டுச் சிரித்தார். அத்தை அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, தானும் சிரித்துவிட்டார்.

உள்ளே போனதும் மூட்டையைப் பாயில் வைத்து முடிச்சில் கை வைத்தார். ஏழு மாதத்து முடிச்சு, இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். போர்வை விரிந்தது. ஒரு வேதப்புத்தகம் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. ஒரு சட்டி, இரண்டு கரண்டி, டம்ளர்கள். ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கழுவிட்டு வா, டீ போடுதேன். ஆத்து மண்ணு இருக்கும்."

இருந்தது. அடியில் காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. கல்யாணச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எல்லாவற்றையும் கழுவி எடுத்து வந்தேன்.